இந்த ஆண்டின் அரிய நோயாளி

கடலோர அரிய கட்டிகள் சிறப்பு மையம், மரக்காணம். ஆகஸ்டு மாதக் கூட்டம். வருகை தந்தோர்:

1. டாக்டர் தட்சணாமூர்த்தி, மையத் தலைவர்.
2. திரு. அந்தோணிசாமி, செயலர். கூட்டக் குறிப்பு எழுதுபவர்.
3. டாக்டர் பிரியதர்ஷினி, சதைப் பரிசோதனைப் பிரிவு. பணியில் சேர்ந்து நான்கு மாதம்.
4. எலும்பு மருத்துவர் ஒருவர். பெண்கள் மருத்துவர் பணியிடம் காலியாக இருப்பதால், அவருக்குப் பதிலாக.
5. பண்பாட்டு ஆலோசகர்.
6. திருமதி அருக்காணி, நடப்பு ஆண்டின் அரிய நோயாளி. (படம். மாலையுடன்.)

விதிப்படி கூட்டத்தில் நோயாளி ஒருவர் இருந்தாக வேண்டும். அருக்காணி மார்ச் மாதம் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கூட்டத்துக்கும் வரத் தவறியதில்லை.

வெளியே பெஞ்சில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள். கூட்டமே அவளைப் பற்றியதுதான். பட்டியலில் அவள் பெயர் இல்லை. பக்கத்தில் வசந்தா. இருவரும் ஒரே உப்பளத்தில் ஒரே பாத்தியில் எதிரெதிரே நின்று உப்பு வாருகிறவர்கள். ஏசி பழுதாகிக் கதவைத் திறந்து வைத்திருந்ததால் உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது.

அம்சவள்ளிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக இதே வேலை. விளைந்த உப்பைப் பலகையால் கூட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து வரப்பில் கொட்ட வேண்டும். கூடையிலிருந்து வடியும் தண்ணீர் கழுத்து, முதுகு, இடுப்பு என்று இறங்கிப் புடவைக்குள்ளேயே காய்ந்துவிடும். உப்பளத்தில் ஒதுங்க மறைவு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. பெண்கள் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு, வேலை முடியும்வரை நிற்பார்கள். அதனால் அங்கே யாருக்கு எந்த இடத்தில் அரித்தாலும் அது உப்புப் புண்தான். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருவார்கள்.

அம்சவள்ளிக்கு எண்ணெய் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டரிடம் போனாள்.

"எங்க அரிக்குது?"

"கீழ, சார்."

"காலா?"

"கொஞ்சம் மேல."

"தொடையா?"

"இன்னும் கொஞ்சம் மேல, சார்."

இன்னும் கொஞ்சம் மேலே போக டாக்டருக்கு மனமில்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த டாக்டர் வேறு நிறத்தில் ஒரு களிம்பு எழுதினார். மூன்றாவது டாக்டர் முதல் களிம்பையே எழுதி, "இது நல்ல மருந்து, விடாம போடுங்க" என்றார். இப்படிப் பதினொரு டியூப். ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தது அவள் மட்டும்தான், கைக்கண்ணாடியில். வரப்பில் நின்றபடியே எந்தப் பாத்தி இன்று வாரலாம், எது இன்னும் இரண்டு நாள் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள் அவள். பார்த்தால்தான் தெரியும், பார்த்தால் தெரிந்துவிடும். அவள் தொழிலில் இவ்வளவுதான் படிப்பு. முதல் பொங்கலுக்கு அது புளியங்கொட்டை அளவு சிவப்பு. ஆடியில் மாவிலையின் அகலம். இரண்டாம் பொங்கலுக்கு அந்தச் சிவப்பின் மேல் அங்கங்கே வெள்ளை, செம்மண்ணில் உப்புப் பூத்த மாதிரி. இது உப்புப் புண் இல்லை என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை. புருஷன் தனகோடியிடம் சொன்னபோது, "இதெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்ற" என்று டீக்கடைக்குப் போய்விட்டான்.

கடைசியில் வசந்தாவிடம் சொன்னாள். வசந்தா ஜூலையில் அவளை இந்த மையத்துக்கு இழுத்து வந்தாள். ஈசிஆர் சாலை ஓரம், நீலக் கண்ணாடி போட்ட நாலு மாடிக் கட்டடம். உள்ளே நாற்பத்தோரு ஊழியர்கள். டோக்கன் கொடுக்கும் இடத்தில் யாரும் இல்லை. கையில் டீயோடு அந்தப் பக்கம் வந்த பிரியதர்ஷினி, "என்னம்மா?" என்று கேட்டாள். பிறகு, "படுங்க, பாக்கணும்" என்றாள்.

 இரண்டு வருடத்தில் அம்சவள்ளி கேட்காத வாக்கியம் அது.

பார்ப்பதற்கு நான்கு நிமிடம் ஆனது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டாள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்.

"இது புண் இல்லம்மா. பேஜெட்னு ஒரு புற்று. மார்புக் காம்புலதான் வரும். எப்பவாவது, ரொம்ப அபூர்வமா, இப்படிப் பெண்குறியோட வெளி உதட்டுல வரும். பாக்கறதுக்குச் சொறி மாதிரியே இருக்கும். அதான் எல்லாரும் ஏமாந்துட்டாங்க."

"பொழைப்பேனா, டாக்டரம்மா?"

"இப்ப அது தோல்லதான் இருக்குது. கண்ணுக்குத் தெரியறதவிட அகலமா வெட்டி எடுத்துட்டா பொழைச்சிக்குவீங்க. உள்ள இறங்க விடக்கூடாது. இறங்கிட்டா கவுட்டியில நெறி கட்டும். அதுக்கு முன்னால வெட்டணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று பிரியதர்ஷினி நினைத்திருந்தாள். வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தானே.

உள்ளே தட்சணாமூர்த்தி பேச எழுந்தார்.

"அரிய நோய் என்பது ஒரு பொறுப்பு. இந்தப் பொறுப்பை நம்பி நாற்பத்தோரு குடும்பங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருவர் வந்தால் அது அரிய நோய். இரண்டு பேர் வந்தால்? அது சளி, காய்ச்சல் மாதிரி ஆகிவிடும். சளிக்கும் காய்ச்சலுக்கும் யாராவது நாலு மாடியில் கண்ணாடிக் கட்டடம் கட்டித் தருவார்களா? அரிய நோயை அரிதாகவே வைத்திருப்பதுதான் நம் முதல் கடமை. குணப்படுத்துவதெல்லாம் அதற்கு அடுத்தது."

அந்தோணிசாமி விதி பதினான்கைப் படித்தார். ஒரு தாலுக்காவில் ஓர் ஆண்டில் ஒரே வகைக் கட்டி ஒருவருக்கு மேல் காணப்பட்டால் அது அரிய கட்டி ஆகாது. மையத்தின் தகுதி ரத்தாகும்.

"அருக்காணிக்கும் இதே பேஜெட்தான்" என்றார் அந்தோணிசாமி. "இதே தாலுக்கா."

"சார், அருக்காணி செத்து அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள் பிரியதர்ஷினி.

"இறப்பு என்பது சிகிச்சையின் முடிவு, டாக்டர். பதிவின் முடிவு அல்ல. பதிவு டிசம்பர் முப்பத்தொன்று வரை" என்றார் அந்தோணிசாமி.

"அந்தம்மாவுக்கு என்ன சிகிச்சை பண்ணோம்?"

"பதிவு செய்தோம்."

எலும்பு மருத்துவர் தொண்டையைச் செருமினார். "எலும்பு ஏதாவது பாதிக்கப்பட்டிருக்கிறதா?"

"இல்ல."

"அப்படியானால் எனக்கு ஆட்சேபணை இல்லை."

பண்பாட்டு ஆலோசகருக்கு வேறு வருத்தம். பரிசோதனை அறிக்கையில் அந்த உறுப்பின் பெயர் நான்கு இடங்களில் வருகிறது. கோப்பு பல கைகளுக்குப் போகும். அதில் ஆண்கள் கையும் உண்டு. ஒரு இடத்தில் போட்டுவிட்டு மற்ற இடங்களில் கோடு போட்டால் போதாதா? கூட்டம் இதைப் பாராட்டியது. பேசிப் பார்த்து, அந்த ஒரு இடத்திலும் கோடே போடலாம் என்று முடிவானது. நான்கு கோடுகளுடன் அறிக்கை சுத்தமாக இருந்தது. எங்கே புற்று என்பது மட்டும் அதில் இல்லை.

தீர்மானம்: அம்சவள்ளியின் நோய் டிசம்பர் முப்பத்தொன்று வரை பொதுவான அரிப்பாகக் கருதப்படும். களிம்பு வழங்கப்படும். ஜனவரியில் அவர் அரிய நோயாளித் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். டாக்டர் பிரியதர்ஷினியின் அறிக்கை, காலத்துக்கு முந்தி வந்துவிட்ட அறிக்கை என்ற குறிப்புடன் அலமாரியில் வைக்கப்படும். எதிர்த்தவர் ஒருவர். அருக்காணி ஆதரித்ததாகக் கணக்கில் கொள்ளப்பட்டது.

அந்தோணிசாமி வெளியே வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம்.

"ஏம்மா, உங்களுக்குக் குயிலாப்பாளையம் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? அது வேற தாலுக்கா. ரேஷன் கார்டை அங்க மாத்திட்டீங்கன்னா இந்த வருஷமே உங்களை அரிய நோயாளி ஆக்கிடலாம்."

"அங்க எங்களுக்கு யாரு சார் இருக்காங்க? வெளிநாட்டுலேர்ந்து வந்து குடியிருக்கற வெள்ளக்காரன்தான் இருக்கான், அவன்கிட்ட போயி கார்டுல பேர் சேருன்னு கேக்கட்டுமா?" என்றாள் வசந்தா.

"கோவப்படாதம்மா. நாலு மாசம்தானே."

"நாலு மாசம் அது வளராம இருக்குமா, சார்?" அம்சவள்ளி கேட்டாள்.

"அதெல்லாம் நாங்க கண்காணிப்போம். உங்க காப்பீட்டு அட்டையில ஏத்திட்டேன் பாருங்க. பொதுவான அரிப்பு, இம்மையத்தின் கண்காணிப்பில். வேற எங்கயும் போயி அலைய வேணாம்."

அவர் சொன்னது போலவே ஆயிற்று. பிரியதர்ஷினி ரகசியமாக எழுதிக் கொடுத்த கடிதத்தோடு இருவரும் பஸ் ஏறி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கடிதத்தைப் படித்தார்கள், பதறினார்கள், அட்டையைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். "அந்த மையம் அட்டையில இருக்கற இந்தப் பதிவை எடுத்துவிட்டாத்தாம்மா எங்களால ஆபரேஷனுக்குப் போட முடியும். எடுக்கச் சொல்லி நாங்களும் எழுதறோம்" என்றார்கள். எழுதினார்கள். கடிதம் மையத்துக்கு வந்தது. கூட்டத்தில் வைக்கப்பட்டது. அருக்காணி முன்னிலையில் அது அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அம்சவள்ளி பன்னிரண்டாவது டியூபை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அக்டோபரில் மையம் அரிய கட்டிகள் விழிப்புணர்வு நாள் கொண்டாடியது. ஈசிஆரில் ஊர்வலம். உப்பளப் பெண்கள் அறுபது பேருக்குத் தொப்பியும் பிரியாணியும் கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். அம்சவள்ளியின் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். வசந்தா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"தாமதம் வேண்டாம், அறிகுறி தெரிந்தால் உடனே வாருங்கள்."

"வந்துட்டமேடி" என்றாள் அம்சவள்ளி.

"திருப்பிப் புடிக்கா. மையத்துக்காரங்க படிக்கட்டும்."

மைதானத்தில் மேடை. மேடை நடுவில் ஒரு பீடம். பீடத்தில் அந்த உறுப்பின் பெரிய மாதிரி உருவம், அதன் மேல் அரக்கு நிறப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. தட்சணாமூர்த்தி குத்துவிளக்கு ஏற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே! வெட்கத்தை விடுங்கள். உங்கள் உடம்பை நீங்களே கவனியுங்கள். இந்த மாதிரி உருவத்தைக் கொண்டு எது நல்லது, எது கெட்டது என்று விளக்கத்தான் இந்த ஏற்பாடு. கண்ணியம் கருதித் துணியை எடுக்கப்போவதில்லை. துணிக்கு மேலேயே விளக்குகிறேன்."

ஒரு குச்சியால் பட்டுத்துணியின் மேல் இங்கும் அங்கும் தொட்டு இருபது நிமிடம் விளக்கினார். கைதட்டினார்கள். பிரியாணிக்குக் கூட்டம் கலைந்த நேரத்தில் வசந்தா மேடைக்குப் பின்பக்கமாகப் போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே இருந்தது நுரையீரல். டெண்டரில் அந்த உறுப்பின் பெயரை எழுத யாரும் ஒத்துக்கொள்ளாததால், வேறு மாவட்டத்து நுரையீரல் மையத்திலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார்கள்.

பொம்மையைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே பிரியதர்ஷினியையும் அங்கே மாற்றினார்கள். போகும் முன் உப்பளத்துக்கு வந்தாள். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்து, அம்சவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணாடியில பாத்துக்கிட்டே இருங்கம்மா. கவுட்டியில கை வெச்சுப் பாருங்க. ஏதாச்சும் தட்டுப்பட்டா ஒரு நாள்கூட வெச்சிருக்காதீங்க."

"வெச்சிருக்கறது நான் இல்லியேம்மா" என்றாள் அம்சவள்ளி.

மழை பிடித்துக்கொண்டது. பாத்திகள் முழுகி, உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர்க்காடாகக் கிடந்தது. வேலை இல்லை. பிறகு புயல் வந்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது. வெளிச்சம் திரும்பிய அன்று பகலில், தனகோடி வெளியே போனதும், அம்சவள்ளி கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை எடுத்தாள். சிவப்பு ஒரு உள்ளங்கை ஆகியிருந்தது. நடுவில் ஒரு முடிச்சு, கெட்டியாக. வலது கவுட்டியில் விரல் வைத்தாள். உளுந்து மாதிரி ஒன்று நகர்ந்தது. பத்து நாளில் அது புன்னைக்காய் அளவு ஆயிற்று. அதற்குப் பிறகு நகரவில்லை.

டிசம்பர் நடுவில் மையத்துக்குப் போனாள்.

"நெறி கட்டியிருக்குது, சார்."

அந்தோணிசாமியின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அதையும் விண்ணப்பத்துல சேத்துக்கலாம். கேஸ் இன்னும் கனமா இருக்கும். அருக்காணிக்குக்கூட முதல் நாளே நெறி கிடையாது. நீங்க வாங்க, ரெண்டாந்தேதி காலையில பத்து மணி. ஒண்ணாந்தேதி லீவு."

"இன்னிக்கே வெட்டக்கூடாதா?"

"இன்னிக்கு உங்களுக்கு அரிப்புதானேம்மா. அரிப்பை யாராவது வெட்டுவாங்களா?"

ஜனவரி இரண்டாம் தேதி அம்சவள்ளியும் வசந்தாவும் ஒன்பது மணிக்கே போனார்கள். கேட்டில் ஏற்கனவே ஆள் இருந்தது. கீழ்புத்துப்பட்டிலிருந்து ரேணுகா, அனுமந்தையிலிருந்து மேரிசெல்வி, பெயர் சொல்ல விரும்பாத இன்னும் எட்டுப் பேர். எல்லோரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஆளுக்கொரு பையில் டியூபுகள். வசந்தாதான் வேலை இல்லாத நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பேசியிருந்தாள். இவர்களில் யாருக்குப் புற்று, யாருக்கு வெறும் உப்புப் புண் என்று யாருக்கும் தெரியாது. யாரும் பார்த்ததில்லை.

வாட்ச்மேன் ஆதிமூலம் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் முதல் மாடிக் கண்ணாடி ஜன்னல் திறந்தது. தட்சணாமூர்த்தி மைக்கோடு நின்றார். இத்தனை பெண்களை ஒரே இடத்தில் பார்த்ததில் அவர் முகம் வெளிறியிருந்தது.

"தாய்மார்களே! உங்களில் ஒருவர்தான் அரியவர். அவர் யார் என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. மற்றவர்கள் பொதுவானவர்கள். பொதுவாக இருப்பது ஒரு பாக்கியம். அதை நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள். அடுத்த ஜனவரியில் பார்க்கலாம். தயவுசெய்து அதுவரை உங்களை யாரும் வெளியே பரிசோதித்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை கூடினால் யாருக்குமே இந்த மையம் இல்லாமல் போய்விடும்."

"அடுத்த ஜனவரிக்குள்ள செத்துட்டா?" கீழேயிருந்து ரேணுகா கத்தினாள்.

"அது எந்த ஆண்டுக் கணக்கிலும் வராது" என்றார் தட்சணாமூர்த்தி. ஆறுதலாகத்தான் சொன்னார். ஜன்னல் மூடியது.

ஆதிமூலம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து ஆளுக்கொரு டியூப் கொடுத்தார். வசந்தாவும் கை நீட்டி ஒன்று வாங்கினாள்.

"உனக்கு எதுக்குடி?" என்றாள் அம்சவள்ளி.

வசந்தா டியூபை மடியில் செருகிக்கொண்டாள்.

"எவ்ளோ நாளா?"

"தீபாவளிலேர்ந்து. உப்புப் புண்ணுதான்க்கா. நீ உள்ள போ, நேரமாவுது."

அந்தோணிசாமி வந்து அம்சவள்ளிக்குப் பொன்னாடை போர்த்தினார். நீளமான நடைபாதை வழியாக அழைத்துப் போனார். வசந்தா கண்ணாடிக் கதவு வரை கூடவே வந்தாள்.

"ஆபரேஷன் எப்போ, சார்?"

"சர்ஜன் பணியிடம் கேட்டு எழுதியிருக்கோம். மொதல்ல ஆண்டறிக்கைக்குப் போட்டோ."

அரிய நோயாளி அறை பெரியது. ஒரே ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, முக்காலியில் கேமராவோடு ஒருவன். எதிர்ச் சுவரில் மாலை போட்ட இரண்டு படங்கள். ஒன்று, அருக்காணிக்கு முந்தைய ஆண்டின் ஆராயி. இன்னொன்று அருக்காணி, கூட்ட அறையிலிருந்து முந்தாநாள்தான் இறக்கிக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். இருவரும் இதே கட்டிலில் இதே பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அருக்காணிக்குப் பக்கத்தில், ஒரே சீரான இடைவெளி விட்டு, மூன்றாவதாக ஒரு ஆணி அடித்திருந்தது. ஆணி புதிது. கீழே தரையில் சுண்ணாம்புத் தூள் இன்னும் பெருக்கப்படாமல் கிடந்தது.

அம்சவள்ளி அதைப் பார்த்தாள். பார்த்தால் தெரிந்துவிடும்.

அவள் திரும்பிக் கதவை நோக்கி நடந்தாள். ஆதிமூலம் குறுக்கே வந்து நின்றார்.

"போவக்கூடாதும்மா. அரிய நோயாளி வழியில எங்கியாவது காணாமப் போயிட்டா வருஷமே வீணாயிடும்னு சார் சொல்லியிருக்காரு."

"போவல. ஒண்ணு குடுக்கணும்."

ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுக் கண்ணாடியை எடுத்தாள். ஓரம் உடைந்த, உள்ளங்கை அகலக் கண்ணாடி. ஆதிமூலத்தின் கைக்கு அடியில் நீட்டி வசந்தாவிடம் கொடுத்தாள்.

"மொதல்ல நீ பாரு. அப்புறம் அவுங்க பத்து பேருகிட்டயும் குடு. செவப்பு மேல வெள்ளை பூத்திருந்தா இங்க வராதீங்க. அந்த டாக்டரம்மா எங்க இருக்குதோ அங்க போங்க. காப்பீட்டுக் கார்டைக் காட்டாதீங்க."

"அக்கா, நீ..."

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி வாங்கம்மா" என்று உள்ளேயிருந்து கேமராக்காரன் கூப்பிட்டான்.

ஆதிமூலம் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினார்.